இரண்டு கலாவதிகள்

பயிற்சியில் சேர்ந்த அன்றைக்கு ஒரு படிவம் கொடுத்து உங்களிடம் சில கேள்விகள் கேட்டார்கள். பெயர், படிப்பு, ஊர் எல்லாம் ஆன பிறகு கடைசியாக ஒன்று: "உங்கள் பெயர் இதற்கு முன் வேறு இனிஷியலோடு எங்காவது அச்சில் வந்திருக்கிறதா?" அதற்குப் பின்வரிசையில் சிலர் சிரித்தீர்கள். "அடுத்தது ஜாதகம் கேப்பாங்க போலருக்கு" என்று ஒருவர் முணுமுணுத்தார். எனக்கு வயதாகிவிட்டதே தவிர காது நன்றாகத்தான் கேட்கிறது. கோபம் வரவில்லை. அந்தக் கேள்வி எங்கள் மையத்துக்குள் எப்படி வந்தது என்று உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் சொல்கிறேன்.

நான் டாக்டர் இல்லை, நூலகர். ஒரு மருத்துவக் கல்லூரியில் புத்தகங்களுக்கு நடுவில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, ஓய்வுக்குச் சில வருஷங்கள் முன்பு கள்ளக்குறிச்சியில் இந்த மையத்துக்கு வந்தேன். அப்போது இது ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது. மழை பெய்தால் ஒழுகும், வெயில் அடித்தால் வேகும். நலவாழ்வு மதிப்பாய்வு எழுதுகிறவர்களுக்கு இங்கே பயிற்சி கொடுத்தோம். ஒரு மருத்துவக் கேள்விக்கு எங்கெங்கே ஆய்வு நடந்திருக்கிறதோ அத்தனையையும் தேடிப் பிடித்து, சலித்து, ஒன்றாக வைத்துப் பார்த்து, "இதுவரை தெரிந்தது இவ்வளவுதான்" என்று சொல்கிற வேலை அது. மாதம் ஒரு செய்தி மடலும் போட்டோம். எங்கே என்ன பயிற்சி, எந்த வீடியோ பார்க்கலாம், என்ன புதிய முறை வந்திருக்கிறது, எந்த மதிப்பாய்வு முடிந்திருக்கிறது என்றெல்லாம் அதில் இருக்கும். மடலுக்கு ஆசிரியர் நான். சம்பளத்தைவிட அந்தப் பட்டத்தில்தான் எனக்குப் பெருமை ஜாஸ்தி.

மையத்தை நடத்தியவர் ஒரு பெண் மருத்துவர். பெயரைப் போட்டால் இப்போதும் போன் போட்டுத் திட்டுவார். அதனால் டாக்டரம்மா என்றே சொல்கிறேன். என் மகள் வயதுதான். ஆனால் இந்தத் தொழிலில் உன் குரு யார் என்று கேட்டால் நான் யோசிக்காமல் கைகாட்டுவது அவரைத்தான். மூன்றாவது ஆள் செல்வி, தியாகதுருகத்துப் பெண். வந்து குவிகிற கட்டுரைகளைப் படித்து, வேண்டியது வேண்டாதது பிரிப்பது அவள் வேலை. வாயும் கையும் ஒன்றுக்கொன்று போட்டி போடும். வாய்தான் எப்போதும் ஜெயிக்கும்.

அந்த வருஷம் டாக்டரம்மா எடுத்துக்கொண்ட கேள்வி கல்வராயன் மலையிலிருந்து வந்தது. மலைக் கிராமங்களில் கர்ப்பிணிகளைப் பார்க்க சுகாதார நர்ஸ்கள் வீடு வீடாகப் போவார்கள். இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று விசாரிப்பார்கள், கண் இமையைக் கீழே இழுத்து ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வெள்ளிமலை வரை பஸ் உண்டு. அதற்கப்புறம் பல ஊர்களுக்கு நடைதான். நர்ஸ்கள் கம்மி, ஊர்கள் அதிகம். "இப்பதான் எல்லாரு கையிலயும் போன் இருக்கே, கள்ளக்குறிச்சியிலேர்ந்தே கூப்ட்டு ஞாபகப்படுத்தினா ஆகாதா?" என்று சுகாதாரத் துறை அதிகாரி ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பதில் தெரியாமலே உத்தரவு போட்டுவிடாமல் எங்களிடம் வந்து கேட்டாரே, அதற்கே அவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

தேடினோம், சலித்தோம். தேறியவை மிகக் கொஞ்சம். அவற்றில் இரண்டு ஆய்வுகள், நேரில் போவதற்குப் போன் கொஞ்சமும் குறைந்ததில்லை என்று அடித்துச் சொன்னன. மற்றவை இப்படியும் இல்லை, அப்படியும் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது தராசு போன் பக்கம் தெளிவாகச் சாய்ந்தது. அது டாக்டரம்மா தலைமையேற்று எழுதிய முதல் மதிப்பாய்வு. "மாத்திரையை நினைவூட்டப் போன் போதும்" என்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் நான் தலைப்புப் போட்டேன்.

ஒரு மடலுக்கு அப்படி ஒரு வரவேற்பை அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. மலைக்குப் போவதைக் குறைத்துவிட்டு, அலுவலகத்திலிருந்தே போன் செய்ய ஏற்பாடு நடந்தது. எல்லாரையும்விட சந்தோஷப்பட்டவர் வசந்தா. மலை ஊர்களுக்கு வருஷக்கணக்காக ஏறி இறங்குகிற நர்ஸ். படியேறி எங்கள் மாடிக்கே வந்துவிட்டார்.

"சார், ஒங்க மடலுக்கு ஒரு கும்புடுங்க. வலி மாத்திரைய போட்டுக்கினு, தைலத்த தடவிக்கினு ஏறிக்கினு இருந்தேன். என் முட்டிக்கு இப்பதான் விடிவு பொறந்துக்குது."

ஒரு மதிப்பாய்வால் ஒரு முழங்காலுக்கு நன்மை என்று நான் கிண்டல் செய்தேன். உள்ளுக்குள் எனக்கும் குளிர்ந்துதான் இருந்தது.

அதற்கான உத்தரவில் கையெழுத்தாக ஒரு கூட்டம் வைத்திருந்தார்கள். அதற்கு முந்தைய நாள் மத்தியானம், டீ குடிக்கும்போது செல்வி தன் கல்யாணப் பத்திரிகையை நீட்டினாள். கூடவே ஒரு வழக்கையும் கொண்டுவந்தாள்.

"சார், கல்யாணத்துக்கு அப்புறம் மடல்ல என் பேர எப்புடிப் போடுவீங்க? எங்கப்பா அவரு இனிஷியலே இருக்கட்டும்ன்றாரு. மாப்ள வூட்ல, கல்யாணம் ஆனப்புறம் இன்னாத்துக்கு அப்பா இனிஷியலுன்றாங்க. ரெண்டு வூட்டுக்கும் நடுவுல நான் மாட்டிக்கினேன்."

"ரெண்டையும் மாத்தி மாத்திப் போட்டுடுவோம்" என்றேன். "ஒரு மாசம் அப்பா, ஒரு மாசம் புருஷன். ஒரே ஆளு, பாக்கறவங்களுக்கு ரெண்டு பேரு வேல செய்யற மாதிரி இருக்கும். மையத்துக்கும் கௌரவம்."

செல்வி சிரித்தாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. கையிலிருந்த டீ கிளாஸை மேசைமேல் வைத்தார்.

"இன்னா சார் சொன்னீங்க?"

"சும்மா தமாஷுக்கும்மா."

"இல்ல, திருப்பிச் சொல்லுங்க. ஒரே ஆளு, ரெண்டு பேரு மாதிரி..."

எழுந்து போய் அலமாரியைத் திறந்து இரண்டு கட்டுரைகளை எடுத்துவந்தார். போன் பக்கம் அடித்துச் சொன்ன அதே இரண்டு. ஒன்றை எழுதியவர் கே. கலாவதி. இன்னொன்றை எழுதியவர் எம். கலாவதி.

நீங்கள் சிரிக்கலாம். நாங்கள் மூவரும் அந்தப் பெயர்களைப் பலமுறை பார்த்தவர்கள். ஒருவர் மனதிலும் படவில்லை. தமிழ்நாட்டில் கலாவதிகளுக்கு என்ன பஞ்சம்? வெளிநாட்டுக்காரர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இருக்கிறது, அதை வைத்து ஆளைப் பிடிப்பார்கள். நமக்கு அது கிடையாது. இனிஷியல் வேறு என்றால் ஆளே வேறு என்றுதான் நாம் எடுத்துக்கொள்வோம். ஒரு பெண்ணுக்குக் கல்யாணமானால் அந்த இனிஷியலே மாறிவிடும் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததைக் கட்டுரை படிக்கும்போது யார் நினைக்கிறார்கள்? தலைப்பும் வேறு. ஒன்றில் பெண்களின் எண்ணிக்கை குறைவு, இன்னொன்றில் கூடுதல். ஒன்றில் மருத்துவமனைப் பெயர் இருந்தது, மற்றதில் "வட தமிழ்நாட்டில் ஒரு மருத்துவமனை" என்று மட்டும் போட்டிருந்தது.

டாக்டரம்மா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் வரிவரியாகப் போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. புயலில் டவர் சாய்ந்து சில நாட்கள் போன் செய்ய முடியாமல் போனதாக முதல் கட்டுரையில் ஒரு வரி. இரண்டாவதிலும் அதே மாதிரி ஒரு வரி.

"ஒரே ஆய்வு சார்" என்றார். "மொதல்ல பாதியில ஒரு தடவ எழுதியிருக்காங்க. அப்புறம் இன்னும் கொஞ்சம் பேரைச் சேத்து முழுசா எழுதியிருக்காங்க. நடுவுல கல்யாணம் ஆயிருக்கு. நாம ரெண்டு தடவ எண்ணிட்டோம்."

ஒரே சாட்சி சட்டையை மாற்றிக்கொண்டு வந்து இரண்டு தடவை கூண்டில் ஏறினால் வழக்கு என்னாகும்? அதுதான் ஆகியிருந்தது. அதை ஒரு தடவை மட்டும் எண்ணிச் செல்வி கணக்குப் போட்டுப் பார்த்தாள். தராசு நடுவில் வந்து நின்றுவிட்டது. போன் போதுமா போதாதா என்று சொல்ல முடியாது, தெரியாது என்பதுதான் பதில்.

ஆனால் இதுவும் சந்தேகம்தான். புயல் என்றால் பத்து ஊர்களில் டவர் விழும். இரண்டு கலாவதிகள் இருக்கவும் வாய்ப்பு உண்டு. மின்னஞ்சல் அனுப்பினோம், பதில் இல்லை. முதல் கட்டுரையிலிருந்த மருத்துவமனைக்குப் போன் போட்டோம். டாக்டர் கலாவதி அங்கிருந்து போய் வருஷக்கணக்காகிறது என்றார்கள். எங்கே போனார் என்று சொல்ல ஆளில்லை. மறுநாள் காலையில் கூட்டம்.

இந்த இடத்தை நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். தேடுவது, சலிப்பது, கணக்குப் போடுவது எல்லாவற்றுக்கும் உங்களுக்கு வகுப்பு இருக்கிறது. இதற்கு வகுப்பு கிடையாது.

நான் ஒரு பக்கத்து நியாயத்தைச் சொன்னேன். உறுதியாகத் தெரியாமல் போய்ச் சொன்னால், நம் சொல்லுக்கு இனி மதிப்பு இருக்காது. போன மாதம் போதும் என்றவர்கள் இந்த மாதம் தெரியாது என்கிறார்கள், அடுத்த மாதம் என்ன சொல்வார்களோ என்பார்கள். அந்தக் கலாவதியின் பெயரையும் காரணமில்லாமல் இழுத்துவிடுகிறோம். செல்வி இன்னொரு நியாயம் சொன்னாள். "உத்தரவு வந்துட்டா அப்புறம் மாத்தவே மாட்டாங்க மேடம். நடக்கறத நிறுத்தறதுதான் சுலுவு, நிறுத்தினத நடத்தறது கஷ்டம்."

டாக்டரம்மா இரண்டு பேர் சொன்னதையும் கேட்டார். கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாகக் கீழே பஸ்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது அவருடைய முதல் மதிப்பாய்வு என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அதைப் பாராட்டி வந்த மின்னஞ்சலை அவர் அச்சடித்துப் பைக்குள் வைத்திருந்ததும் தெரியும்.

"நாம சொல்லாம இருந்து, சந்தேகம் சரியாயிருந்தா, மலையில யாருக்கோ கெடுதல். நாம சொல்லி, சந்தேகம் தப்பாயிருந்தா, எனக்கு வெக்கம். வெக்கம் பரவால்ல சார்" என்றார்.

மறுநாள் கூட்டத்துக்கு நானும் போனேன். அறை நிறைய ஆட்கள். மேசைமேல் உத்தரவு தட்டச்சாகித் தயாராக இருந்தது. டாக்டரம்மா எழுந்து நின்று, சுற்றி வளைக்காமல், "எங்க மதிப்பாய்வுல ஒரே ஆய்வை ரெண்டு தடவ சேத்துட்டோமோன்னு சந்தேகம் வந்திருக்கு. இன்னும் உறுதியாத் தெரியல. தெரியற வரைக்கும் எங்க முடிவை வெச்சு எதையும் நிறுத்தாதீங்க" என்றார்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"போன மாசம் உறுதின்னு எழுதினது யாருங்க?"

"நான்தான் சார்."

"இன்னிக்கி சந்தேகம்னு சொல்றது?"

"அதுவும் நான்தான் சார்."

யாரோ பின்னால் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. அதிகாரி சிரிக்கவில்லை. அந்த உத்தரவை எடுத்து ஒரு பார்வை பார்த்தார், மடித்துப் பைலுக்குள் வைத்தார். "சரி, நிறுத்தி வெக்கறேன். போனும் பண்ணட்டும், நேர்லயும் போகட்டும். நீங்க பதில் வாங்கிக்கினு வாங்க" என்றார். அவ்வளவுதான். தன் திட்டத்தை நாலு பேர் முன்னால் நிறுத்தச் சொன்னவர்மேல் எரிந்து விழாத அதிகாரிகளை நான் அதிகம் பார்த்ததில்லை. அந்த மனிதர் இப்போது எங்கே இருக்கிறாரோ, நன்றாக இருக்கட்டும்.

எரிந்து விழ வாசலில் வசந்தா காத்திருந்தார். கூட்டத்துக்கு அவரையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"இன்னா மேடம் இது? போன் போதும்னு நீங்கதான எழுதினீங்க? இப்ப தெரியலன்றீங்க. எழுதறதுக்கு முன்னாடி பாத்துக்கினு எழுதக் கூடாதா? நாளைக்கி ஏறப் போறது நீங்களா, நானா?"

டாக்டரம்மா சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. "தப்பு என் மேலதாங்க. மன்னிச்சுக்கங்க" என்றார். வசந்தா அதற்கும் சமாதானமாகவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார். நாங்கள் திரும்பும் வழியில் டாக்டரம்மாவுக்குக் கண் கலங்கியிருந்தது. நான் பார்க்காத மாதிரி வந்தேன்.

சில நாட்கள் கழித்து மையத்துக்கு ஒரு போன் வந்தது. எடுத்தவள் செல்வி. "மேடம், கலாவதி!" என்று அவள் போட்ட சத்தம் கீழே மருந்துக் கடைவரை கேட்டிருக்கும்.

ஸ்பீக்கரில் போட்டோம். நிதானமான குரல். "மெயில் இப்பத்தாங்க பாத்தேன். ஆமா, ரெண்டும் நானேதான். அப்பா பேரு கிருஷ்ணன், எங்க வீட்டுக்காரர் பேரு மணி. மொத கட்டுரை எழுதறப்ப எனக்குக் கல்யாணம் ஆகல." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கோபித்துக்கொள்வார் என்று பயந்திருந்த எங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பிறகு அவரே கேட்டார்: "எதுக்குங்க இப்ப இதைத் தேடறீங்க?" விஷயத்தைச் சொன்னோம்.

"எங்ககிட்ட வந்தவங்க எல்லாம் டவுன்காரங்க. ஒவ்வொருத்தர் கையிலயும் சொந்தப் போன். மலைக்கு இதைச் சொல்வாங்கன்னு நான் நெனச்சே பாக்கலீங்க. நல்லவேளை கேட்டீங்க" என்றார். தன்னிடமிருந்த விவரம் எல்லாவற்றையும் தேடி எடுத்து அனுப்பியும் வைத்தார். இன்று பயிற்சியில் உங்களிடம் இரண்டு கட்டுரைகளைக் கொடுத்து, ஒன்றும் சொல்லாமல், "சேர்த்துப் பாருங்கள்" என்கிறார்களே, அது அவர் அனுமதியோடு வந்தது. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறோம். அந்த ரகசியத்தை இப்போது நான் உடைத்துவிட்டேன் என்று உங்கள் பயிற்சியாளர் என்னைத் திட்டுவார். திட்டட்டும்.

அடுத்த மடலுக்குத் திருத்தம் எழுதினேன். வழக்கம்போல் கடைசிப் பக்கத்தில், சின்ன எழுத்தில், கௌரவமாக. டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"தப்பு எந்தப் பக்கத்துல போச்சு சார்?"

"முதல் பக்கம்."

"எந்த எழுத்துல?"

தாளை வாங்கிக்கொண்டேன். திருத்தம் முதல் பக்கத்தில், அதே கொட்டை எழுத்தில், அவர் பெயரோடு போனது. "போன் போதுமா என்பது தெரியாது. நாங்கள் ஒரே ஆய்வை இரண்டு தடவை எண்ணிவிட்டோம்." அந்த மடலைப் படித்துவிட்டு எங்கெங்கிருந்தோ எழுதினார்கள். தங்கள் மதிப்பாய்விலும் இப்படி ஒரு ஜோடி இருப்பதைக் கண்டுபிடித்ததாகச் சிலர் சொன்னார்கள். செல்வி மடலில் அப்பா இனிஷியலையே வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளையிடம் இந்தக் கதையைச் சொல்லித்தான் சம்மதம் வாங்கினாளாம்.

இது வரைக்கும் பழைய மடல்களைப் புரட்டினால் உங்களுக்கே கிடைக்கும். மிச்சம் அதில் இல்லை.

உத்தரவு நின்றதால் இரண்டு வேலையும் நடந்தது. கள்ளக்குறிச்சியிலிருந்து போனும் போனது, வசந்தாவும் போனார். மலையில் ஒரு வீட்டில் ஒரு கர்ப்பிணி. வீட்டிலிருந்த ஒரே போன் அவள் புருஷனிடம். அவன் கரும்பு வெட்ட மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் இறங்கியிருந்தான். அலுவலகத்திலிருந்து ஒவ்வொரு தடவை கூப்பிட்டபோதும் கரும்புக் கொல்லையில் நின்றுகொண்டு, "நல்லாதாங்க இருக்கா, மாத்திரை துண்ணுக்கினுதான் இருக்கா" என்று சொல்லியிருக்கிறான். பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தான்.

வசந்தா முனகிக்கொண்டே அந்த ஊருக்கு ஏறியிருக்கிறார். வீட்டுக்குள் போனால் அந்தப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறாள். வயிற்றைப் பிரட்டுகிறது என்று மாத்திரையை நிறுத்தி ரொம்ப நாளாகியிருக்கிறது. கண் இமையை இழுத்துப் பார்த்தால் வெள்ளைத் துணி மாதிரி இருந்ததாம். ஊர்க்காரர்களை வைத்துத் தூக்கிவந்து, ரோட்டில் ஜீப் பிடித்து, கள்ளக்குறிச்சி கொண்டுவந்து சேர்த்தார். ரத்தம் ஏற்றினார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

அன்றைக்கு வசந்தா ஆஸ்பத்திரியிலிருந்து நேராக எங்கள் மாடிக்கு வந்தார். படியேறி வந்த மூச்சு அடங்கவில்லை. டாக்டரம்மா எதிரில் போய் உட்கார்ந்தார்.

"மேடம், அன்னிக்கி ஒங்கள கண்டபடி பேசிட்டேன். அந்த ஆர்டரு மட்டும் வந்திருந்தா நான் இன்னிக்கி ஏறியிருக்க மாட்டேன். போன் பண்ணவங்க நோட்டுல அந்தப் பொண்ணு நல்லாருக்குதுன்னுதான் எழுதிக்குது." சொல்லிவிட்டு அழுதார். டாக்டரம்மாவும் அழுதார். செல்வியும். நான் டீ சொல்லிவிட்டு வருவதாகக் கீழே இறங்கிப் போய், மருந்துக் கடை வாசலில் நின்று மூக்கைச் சிந்தினேன்.

திரும்பி வந்ததும், "அடுத்த மடலில் இதுதான் முதல் பக்கம்" என்றேன். டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"கூடாது சார். ஒரு ஆளை வெச்சு எதையும் முடிவு பண்ணக் கூடாதுன்னு நாமதான வகுப்பு எடுக்கறோம்? போன் கூடாதுன்றதுக்கு இது ஆதாரம் ஆயிடாது."

சரியான பேச்சு. மடலில் போடவில்லை. நான் ஓய்வு பெறும்வரை போடவில்லை. டாக்டரம்மாவின் பேச்சை நான் மீறியதில்லை. இன்றைக்கும் மீறவில்லை. இதை ஆதாரம் என்று உங்களிடம் நான் சொல்லவில்லை. ஒரு முடிவுக்கு வர ஒரு ஆள் போதாது. வாழ்நாள் முழுக்க நன்றியோடு இருக்க ஒரு ஆள் போதும்.

அந்தக் கடைசிக் கேள்வியை வெறுமையாக விட்டிருப்பவர்கள், இன்று வீட்டுக்குப் போகும்முன் நிரப்பிவிட்டுப் போங்கள்.